அமிலம் பள்ளியுடையது, மாவு யாருடையது?

இங்கிலாந்தின் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு செய்முறை வகுப்புகள் வரலாம். காலையில் அறிவியல் ஆய்வகம், மதியம் சமையல். ஆய்வகத்தில் காப்பர் சல்பேட், நீர்த்த அமிலம், லிட்மஸ் தாள், பன்சன் அடுப்புக்கு எரிவாயு என எல்லாம் தயாராக இருக்கும். காப்பர் சல்பேட்டை வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள் என்று எந்தப் பள்ளியும் கேட்பதில்லை. சமையல் வகுப்புக்கு மட்டும் சில நாள்களுக்கு முன்பே வீட்டுக்கு ஒரு பட்டியல் வந்துவிடும்: மாவு, வெண்ணெய், முட்டை, சீஸ், தக்காளி விழுது, ஒரு சிட்டிகை ஓரெகானோ, இவற்றோடு மூடியுள்ள பாத்திரம் ஒன்று. பொருள்கள் வேண்டாம் என்கிற பள்ளியாக இருந்தால், இத்தனை பவுண்ட் கட்டுங்கள் என்று செயலியில் ஓர் அறிவிப்பு வரும்.

இரண்டும் பள்ளி நேரத்தில், கால அட்டவணைக்குள் நடக்கும் வகுப்புகள். இரண்டும் தேசியப் பாடத்திட்டத்தில் இருப்பவை. ஒன்றின் செலவு பள்ளியின் கணக்கில் விழுகிறது, மற்றதன் செலவு வீட்டின் கணக்கில். தச்சு, துணி, ஓவியம், புகைப்படம் ஆகிய வகுப்புகளிலும் இதே நிலைமைதான், அளவுதான் கூடிக் குறையும். லண்டனின் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், குராய்டன் பகுதிகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதை 'இங்கே இப்படித்தான்' என்று ஏற்றுக்கொண்டு கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டத்தைப் படித்தால் நிலைமை வேறாக இருக்கிறது. அதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

சட்டம் எங்கிருந்து வந்தது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் கல்விக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 61-வது பிரிவில் எழுதப்பட்டது. அதற்கு முன் தொடக்கக் கல்வி இலவசமாகியிருந்தாலும் மேல்நிலைக் கல்விக்கு நிறைய இடங்களில் கட்டணம் இருந்தது. 1944-க்குப் பிறகு அது போனது. ஆனால் 'கல்வி' என்ற சொல்லுக்குள் எதெல்லாம் அடங்கும் என்பதைச் சட்டம் விரித்துச் சொல்லவில்லை. வயலின் கற்றுக்கொடுப்பது கல்வியா, கூடுதல் சேவையா? பள்ளிகளுக்கான செலவு இறுக்கப்பட்ட 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது.

1981-இல் ஹெர்ஃபோர்ட் அண்ட் வூஸ்டர் கல்வி நிர்வாகத்துக்கு எதிராக ஒரு பெற்றோர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. பள்ளியில் தரப்படும் இசைக்கருவிப் பயிற்சியும் கல்வியே, ஆகவே அதற்குக் கட்டணம் வாங்கியது சட்டத்துக்கு முரணானது என்றது நீதிமன்றம். பள்ளிகளை நடத்திய உள்ளாட்சி அமைப்புகளுக்கு இது பெரிய அடி. எதற்குக் கட்டணம் வாங்கலாம், எதற்குக் கூடாது என்று தெளிவாக எழுதித் தரும்படி அவை அரசிடம் கேட்கத் தொடங்கின. அந்தத் தெளிவு 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் கிடைத்தது. தனியாகவோ சிறு குழுவாகவோ நடக்கும் இசைக்கருவிப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்க அந்தச் சட்டம் வழிவிட்டது. மற்றபடி பள்ளி நேரக் கல்வி இலவசம் என்பதை உறுதிப்படுத்தியது. அந்த விதிகள்தாம் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 449-வது பிரிவு தொடங்கித் தொகுக்கப்பட்டு இன்றுவரை நடப்பில் இருக்கின்றன. உள்ளாட்சியின் கீழ் இல்லாமல் அரசிடமிருந்து நேரடியாக நிதி பெற்று நடக்கும் அகாடமிப் பள்ளிகளையும் அவற்றின் நிதி ஒப்பந்தம் வழியாக இந்த விதிகள் கட்டுப்படுத்துகின்றன. இங்கிலாந்தின் மேல்நிலைப் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இன்று அகாடமிகள் என்பதால், 'நாங்கள் அகாடமி, எங்களுக்கு அது பொருந்தாது' என்ற பதிலுக்கு இடமில்லை என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நம் விஷயத்துக்கு வேண்டியது 454-வது பிரிவு. அதன் முதல் உட்பிரிவு சந்தேகத்துக்கு இடம் தராமல் பேசுகிறது. கட்டணம் வாங்கக் கூடாத கல்விக்காகப் பயன்படும் பொருள்கள், புத்தகங்கள், கருவிகள், சாதனங்கள் எதற்கும் பணம் தரும்படியோ அவற்றைக் கொண்டுவரும்படியோ பெற்றோரையும் மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பணத்தை மட்டும் அது தடுக்கவில்லை, பொருளாகக் கேட்பதையும் தடுக்கிறது. 200 கிராம் மாவு கொண்டுவா என்பதும், ஐந்து பவுண்ட் கொண்டுவா என்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். பொதுத் தேர்வுக்குப் பள்ளி தயார்செய்யும் பாடங்களுக்கும் இந்தத் தடை உண்டு.

வாசல் ஒன்று திறந்திருக்கிறது

இரண்டாவது உட்பிரிவு ஒரு விலக்கைத் தருகிறது. வகுப்பில் பிள்ளை ஒரு பொருளைச் செய்கிறது. அந்தப் பொருள் தனக்கோ பிள்ளைக்கோ சொந்தமாக வேண்டும் என்று பெற்றோர் முன்பே தெரிவித்திருந்தால், அதைச் செய்யத் தேவையான மூலப்பொருளைக் கேட்கலாம், அல்லது அதற்கான பணத்தைக் கேட்கலாம்.

இதிலுள்ள வரிசைமுறையைக் கவனிக்க வேண்டும். முதலில் பெற்றோர் விருப்பம் சொல்ல வேண்டும், பிறகுதான் பள்ளி கேட்கலாம். சட்டத்தின் வாசகத்திலேயே அந்த 'முன்பே' இருக்கிறது. பெற்றோர் வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை வகுப்பில் எல்லோரையும் போல அதே பொருளைச் செய்யும், மூலப்பொருளைப் பள்ளி தரும், செய்து முடித்த பொருள் பள்ளியில் இருக்கும். இதுதான் அந்த விலக்கின் நேரான பொருள்.

மரத்தில் ஒரு சிறு கடிகாரம் செய்யும் வகுப்புக்கு இது பொருந்தும். மரப்பலகையும் கடிகார முள்ளும் பள்ளியுடையவை. விருப்பமிருப்பவர்கள் பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மற்றவை பள்ளி அலமாரியில் நிற்கும். சமையலில் இது சிக்கலாகிறது. பிள்ளை செய்த பிட்சாவை யாரும் அலமாரியில் வைக்க முடியாது. சாப்பிடத்தான் வேண்டும், இல்லையென்றால் கொட்டத்தான் வேண்டும். எனவே பள்ளிகள் ஓர் ஊகத்தைச் செய்துகொள்கின்றன: எல்லாப் பிள்ளைகளும் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் போகிறார்கள், அப்படியென்றால் எல்லாப் பெற்றோரும் அதை விரும்பிவிட்டார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்ததாக வைத்துக்கொண்டு பட்டியலை அனுப்பிவிடுகிறார்கள். விலக்காக எழுதப்பட்டது விதியாகிவிட்டது. பல பள்ளிகள் கட்டணக் கொள்கை ஆவணத்தில் சட்ட வாசகத்தைச் சரியாக எழுதியிருப்பதையும், வீட்டுக்கு வரும் தாளில் 'கட்டாயம் கொண்டுவர வேண்டும்' என்று இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி தெரியும்.

இன்னொரு வழி தன்னார்வ நன்கொடை. அதை 460-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் நன்கொடை கேட்கும் கடிதத்திலேயே இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: கொடுப்பது கட்டாயமில்லை, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பிள்ளை ஒரே மாதிரி நடத்தப்படும். 'ஆண்டுக்கு இத்தனை பவுண்ட், இந்தத் தேதிக்குள்' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த மாதம் நினைவூட்டல் அனுப்புவது நன்கொடைக்குரிய முறை அன்று.

பள்ளிகள் பேராசையால் இப்படிச் செய்கின்றன என்று நான் நினைக்கவில்லை. நிதி ஆய்வுகளுக்கான கழகம் கணக்கிட்டபடி, 2009-10-க்கும் 2019-20-க்கும் இடையே இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு மாணவருக்கான செலவு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், சுமார் 9 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு ஓரளவு மீண்டாலும், 2023 மார்ச்சில் பிரிட்டனின் உணவு விலையேற்றம் 19 சதவீதத்தைத் தொட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் காணாத ஏற்றம் அது. சமையல் வகுப்புக்குப் பள்ளி ஒதுக்கும் தொகை அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆசிரியர்கள் சொந்தப் பணத்தில் உப்பும் எண்ணெயும் வாங்கி வைப்பது இந்தப் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பற்றாக்குறை உண்மையானது. ஆனால் அதை யார் தாங்குவது என்று முடிவுசெய்தபோது, குரல் எழுப்ப வாய்ப்பில்லாத இடத்தில், அதாவது வீட்டின் மளிகைச் செலவில், அது போய் உட்கார்ந்துவிட்டது.

ஒரு தேக்கரண்டி, ஒரு டப்பா

செலவு சின்னதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பட்டியலில் இருக்கும் அளவைப் பார்த்தால் சின்னதுதான். கடையில் கொடுக்கும் பணம் வேறு கணக்கு. செய்முறைத் தாள் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கேட்கும், கடையில் டப்பாவாகத்தான் கிடைக்கும். முட்டை ஒன்று கேட்கும், ஆறாகத்தான் வாங்க முடியும். ஒரு சிட்டிகை காய்ந்த மூலிகைக்கு ஒரு குப்பி. இங்கிலாந்துச் சமையல் பழக்கமுள்ள வீட்டில் இவற்றில் பாதி அலமாரியில் ஏற்கெனவே இருக்கும். ரவையும் அரிசி மாவும் உளுந்தும் புளியும் இருக்கும் வீட்டில் செல்ஃப் ரெய்சிங் மாவும் மொசரெல்லாவும் ஓரெகானோவும் இருக்காது. ஒரு வகுப்புக்காக எல்லாவற்றையும் புதிதாக வாங்கி, மீதி பயன்படாமல் காலாவதியாகும். முப்பது வீடுகள் தனித்தனியே முப்பது டப்பா வாங்கும் இடத்தில் பள்ளி மொத்தமாக வாங்கினால் ஒரு மூட்டை மாவும் ஓரிரு டப்பாக்களும் போதும். மொத்தத்தில் இது சமூகத்துக்கே நட்டமான ஏற்பாடு. இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் வீட்டில், மாதக் கடைசி வாரத்தில் இந்தப் பட்டியல் வந்தால், அதன் எடை எப்படி இருக்கும் என்பதைச் சம்பள நாளை எண்ணிக் குடும்பம் நடத்தியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்துக்கும் விலை உண்டு. இரவு வேலைக்குப் போகும் தாய்க்கு நாளை காலைக்குள் சீஸ் வேண்டும் என்பது முந்தின நாள் மாலையில் தெரியவந்தால், பக்கத்துச் சிறு கடையில் கூடுதல் விலைக்கு வாங்குவதைத் தவிர வழியில்லை.

பொருள் கொண்டுவராத பிள்ளைக்கு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதே எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. நல்ல ஆசிரியர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாத இடத்தில் பிள்ளை வேறொரு குழுவோடு சேர்ந்து வேடிக்கை பார்க்கும், அல்லது பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதும். சில பள்ளிகளில் வீட்டுப்பாடம் செய்யாததற்குப் பதிவதைப் போலவே இதற்கும் ஒழுங்குப் பதிவு விழும். வீட்டில் பணமில்லை என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆசிரியரிடம் சொல்லாது. 'மறந்துவிட்டேன்' என்றே சொல்லும். ஒரு தவணைக்குள் மூன்று முறை மறந்த பிள்ளை பொறுப்பில்லாத பிள்ளையாகக் கணக்கில் ஏறுகிறது. பாத்திரம் கழுவுவதும் வெங்காயம் நறுக்குவதும் மாவு பிசைவதும் கையால் செய்தால்தான் வரும். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த வகுப்பே நடக்கவில்லை என்றுதான் பொருள்.

சமையல் வகுப்பு மட்டும் ஏன் இப்படியானது என்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1882 முதல் சமையல் கற்பிக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு இங்கிலாந்து அரசு மானியம் கொடுத்தது. பெண் பிள்ளைகளுக்கான பாடமாக, வீட்டு வேலையின் நீட்சியாக அது நுழைந்தது. பள்ளிக் கல்வியின் பகுதி என்பதைவிட வீட்டுக்குப் பயன்படும் பயிற்சி என்ற எண்ணம் அதனுடன் ஒட்டிக்கொண்டே வந்தது. வீட்டுக்குத்தானே போகிறது, வீடே பொருள் தரட்டும் என்ற நினைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். வேதியியலுக்கு அந்தப் பாரம் இருந்ததில்லை.

அரசுக்கு இது தெரியாத விஷயமும் அன்று. 2008 ஜனவரியில், அன்றைய கல்வி அமைச்சர் எட் பால்ஸ், 11 முதல் 14 வயது வரையிலான எல்லாப் பிள்ளைகளுக்கும் சமையல் கட்டாயப் பாடமாகும் என்று அறிவித்தார். அதோடு, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உணவுப் பொருள் வாங்க ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்ட் ஒதுக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. செய்முறைப் பாடத்தைக் கட்டாயமாக்கினால் பொருளுக்கும் வழி செய்ய வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. 2010-இல் ஆட்சி மாறியது. 2013-இல் வெளியான பள்ளி உணவுத் திட்டம் என்ற அறிக்கை சமையல் பாடத்தை வலியுறுத்தியது, 2014 செப்டம்பரில் புதிய தேசியப் பாடத்திட்டத்தின்படி 14 வயது வரை சமையலும் ஊட்டச்சத்தும் கட்டாயமாயின. தனக்கும் பிறருக்கும் சத்தான உணவைச் சமைக்கத் தெரிய வேண்டும் என்பது அந்தப் பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. மாவுக்கும் முட்டைக்கும் என்று தனி நிதி அதனுடன் வரவில்லை.

தேர்வு வரும்போது

கீழ் வகுப்புகளில் சமையல், தச்சு, துணி ஆகியவை சுழற்சியில் வந்து போகும், ஆண்டில் சில வாரங்களோடு செலவு முடியும். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வுக்கு அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டால் இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியான செலவு. 2016-இல் கற்பிக்கத் தொடங்கிய 'உணவு தயாரிப்பும் ஊட்டச்சத்தும்' பாடத்தில் பாதி மதிப்பெண் வகுப்பறைப் பணிகளுக்கு. மொத்த மதிப்பெண்ணில் 35 சதவீதம் அவற்றில் ஒரே பணிக்கு: மாணவர் ஒரு தலைப்புக்கேற்ற மூன்று பதார்த்தங்களை மூன்று மணி நேரத்துக்குள் சமைத்துப் பரிமாற வேண்டும். அந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் பலவற்றைச் செய்து பார்க்க வேண்டும், தேர்ந்தெடுத்த பின் நேரக் கணக்குக்காக ஒத்திகை பார்க்க வேண்டும். கடினமான கைத்திறனைக் காட்டினால் மதிப்பெண் கூடும். மீனை முள் நீக்கி எடுப்பது, முழுக் கோழியைப் பகுப்பது, பாஸ்தாவைக் கையால் செய்வது ஆகியவை அப்படிப்பட்ட திறன்கள். விலையுயர்ந்த பொருளுக்கு மதிப்பெண் இல்லை என்பது விதி. ஆனால் மீனில் காட்டும் திறனைக் காட்ட மீன் வேண்டும், ஒத்திகைக்கு இன்னொரு மீன் வேண்டும்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலும் பாதி மதிப்பெண் மாணவர் செய்யும் மாதிரிப் பொருளை ஒட்டியது. பள்ளியில் இருக்கும் பலகையும் அக்ரிலிக் தகடும் போதும் என்று நினைத்து வடிவமைக்கும் பிள்ளைக்கும், வேண்டிய மரத்தை வாங்கித்தரும் வீட்டுப் பிள்ளைக்கும் கற்பனையின் எல்லையே வேறாகிவிடுகிறது. ஓவியப் பாடத்தில் 60 சதவீதம் தொகுப்புக்கு. குறிப்பேடு, வண்ணம், தூரிகை, புகைப்படம் எடுத்தால் அச்சிடும் செலவு. இவை எல்லாவற்றிலும் 454-வது பிரிவின் தடை இருக்கிறது. இந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முடிவைப் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் எடுக்கிறார்கள். பாட அறிமுகக் கூட்டத்தில் 'வாரந்தோறும் பொருள் கொண்டுவர வேண்டியிருக்கும்' என்று ஒரு வரி சொன்னாலே போதும், சில பிள்ளைகள் வீட்டை நினைத்து வரலாற்றுப் பாடத்துக்கோ வேறு பாடத்துக்கோ நகர்ந்துவிடுவார்கள். அப்படி நகர்ந்தவர்கள் எந்தப் புகார்ப் புத்தகத்திலும் இருக்க மாட்டார்கள்.

இசையிலும் உடற்கல்வியிலும் இதன் வேறு வடிவங்கள் உண்டு. இசைப் பாடத்தில் 30 சதவீதம் வாசிப்புக்கு. வகுப்பில் இசை கற்பிக்கப்படும், ஆனால் ஒரு கருவியைத் தேர்ச்சியுடன் வாசிக்கும் நிலைக்கு வர ஆண்டுக்கணக்கில் தனிப் பயிற்சி வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கலாம். தேர்வுப் பாடத்திட்டம் கேட்கும் பயிற்சியாகவோ தேசியப் பாடத்திட்டத்தின் பகுதியாகவோ இருந்தால் வாங்கக் கூடாது. இந்த எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதில் பள்ளிக்குப் பள்ளி விளக்கம் மாறுகிறது. புவியியல் களப்பயணத்தில் தங்கவேண்டி வந்தால் தங்கும் செலவையும் உணவுச் செலவையும் கேட்கலாம், குறிப்பிட்ட அரசு உதவிகளைப் பெறும் குடும்பங்களிடம் அதுவும் கூடாது.

சைல்ட் பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப் என்ற அமைப்புக்காக 2022-ஆம் ஆண்டு விலைகளில் போடப்பட்ட கணக்கு ஒன்று, மேல்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு வீடு செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கல்விச் செலவு வாரத்துக்கு 39 பவுண்ட் என்றது. தொடக்கப் பள்ளிக்கு 19 பவுண்ட். சீருடை, மதிய உணவு, போக்குவரத்து எல்லாம் அதில் சேரும். செய்முறை வகுப்புகளின் செலவு அதில் ஒரு பங்குதான். சீருடைச் செலவைப் பற்றி நாடாளுமன்றம் 2021-இல் தனிச் சட்டமே இயற்றியது, கடைகளும் நாளிதழ்களும் அதைப் பேசின. சமையல் தாளைப் பற்றி அப்படிப் பேச்சு எழவில்லை. வாரம் ஒரு சிறு தொகையாகச் சிதறி வருவதால் அது யார் கண்ணிலும் மொத்தமாகப் படுவதில்லை.

யாருக்குச் சலுகை

பெரும்பாலான பள்ளிகள் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்குச் சமையல் பொருள்களைத் தாங்களே தருவதாகக் கொள்கையில் எழுதியிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்காக அரசு தரும் பியூப்பில் பிரீமியம் என்ற கூடுதல் நிதி மேல்நிலைப் பள்ளிகளுக்கு 2024-25-இல் தலைக்கு 1,050 பவுண்டாக இருந்தது. இங்கே கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தாலும், வரி போக ஆண்டு உழைப்பூதியம் 7,400 பவுண்டுக்குள் இருந்தால்தான் இலவச உணவு என்ற வரம்பு 2018 ஏப்ரலில் வந்து அப்படியே உறைந்து நின்றது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் வீடுகள் ஏராளம். பகுதிநேர வேலை ஒன்று, டெலிவரி வேலை ஒன்று என்று இரண்டு சிறு சம்பளங்களில் ஓடும் தமிழ் வீடுகள் பலவும் இங்கேதான் இருக்கின்றன.

விசாவில் 'பொது நிதி பெற உரிமையில்லை' என்ற நிபந்தனை உள்ள குடும்பங்களின் நிலை இன்னும் குழப்பமானது. இவர்கள் யுனிவர்சல் கிரெடிட் கேட்கவே முடியாது. ஆனால் குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருந்தால், இவர்களின் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவச மதிய உணவு உண்டு. அதைக் கேட்பது விசா நிபந்தனையை மீறுவதாகாது. இது தெரியாமல், விசாவுக்குப் பாதகமாகிவிடுமோ என்ற பயத்தில் பள்ளியிடம் எதையும் கேட்காமல் இருக்கும் பெற்றோர் நம்மில் உண்டு. அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது அருகில் இருப்பவர்களின் கடமை.

இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு 1945 முதல் அந்த நாட்டில் நடைமுறையில் இருக்கும் இலவசக் கல்வியும், அதனோடு சேர்ந்து வரும் வசதிக் கட்டணங்களும் பழகியவை. இலவசம் என்றாலும் சிறுசிறு தொகை கேட்பார்கள், கொடுத்துவிட வேண்டும் என்பது மனத்தில் பதிந்துவிட்ட வழக்கம். இங்கே மறுத்தால் பிள்ளையை ஆசிரியர் வேறு மாதிரிப் பார்ப்பாரோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் தனித்தனியாக மறுப்பதைவிடப் பள்ளியிடம் கேள்வியாகக் கேட்பது நல்லது என்கிறேன்.

கேட்க வேண்டியது எளிது. கட்டணம் வாங்க நினைக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்ட கட்டண, விலக்குக் கொள்கை இருக்க வேண்டும் என்பது 457-வது பிரிவு. அது பள்ளியின் இணையதளத்தில் இருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். பிறகு மின்னஞ்சலில் மரியாதையாக இரண்டு வரி போதும்: இந்தப் பொருள்களைக் கொண்டுவருவது கட்டாயமா, விருப்பமா? கொண்டுவர இயலாத நாளில் பிள்ளைக்குப் பள்ளி பொருள் தருமா? எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும். சட்ட வாசகம் எழுதப்பட்ட கொள்கையைக் கையில் வைத்திருக்கும் பள்ளி, கட்டாயம் என்று எழுத்தில் பதில் சொல்லத் தயங்கும். திருப்தியில்லை என்றால் பள்ளியின் புகார் நடைமுறை, நிர்வாகக் குழு, கடைசியில் கல்வித் துறை என்று படிகள் இருக்கின்றன. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

வீட்டிலிருந்து பொருள் கொண்டுபோவதில் நன்மையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. மாட்டிறைச்சி சேர்க்காத வீடு, முற்றிலும் சைவமான வீடு, ஹலால் பார்க்கும் வீடு, கடலையோ எள்ளோ ஒவ்வாத பிள்ளை ஆகியோருக்குத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தனுப்புவது நிம்மதி. பொலோனேஸ் என்ற இறைச்சிக் குழம்பு செய்யும் வகுப்புக்குப் பருப்பையோ சோயாவையோ கொடுத்தனுப்பலாம். எல்லாவற்றையும் பள்ளியே வாங்கும் முறையில் இந்த வேறுபாடுகளுக்கு இடம் விட வேண்டும். பள்ளி தருவதை வழக்கமாக வைத்து, விரும்பும் வீடுகள் கொண்டுவருவதை விலக்காக வைத்தால் இரண்டும் நடக்கும். சட்டம் எழுதியிருக்கும் வரிசையும் அதுதான்.

பக்கத்து நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து அடிப்படைப் பாடத்திட்டத்துக்கான கட்டணங்கள் நீக்கப்பட்டன. வீட்டுப் பொருளியல், தொழில்நுட்பம், ஓவியம் ஆகிய வகுப்புகளின் பொருள் செலவை அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்தது, இசைக்கருவிப் பயிற்சிக் கட்டணமும் அதே ஆண்டு போனது. வேல்ஸ் வேறு வழியை எடுத்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பள்ளித் தேவைகளுக்கான மானியமாகப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 125 பவுண்ட், ஏழாம் ஆண்டில் சேரும்போது 200 பவுண்ட் என்று நேரடியாகக் கையில் கொடுக்கிறது. சீருடைக்கு மட்டுமின்றி, வடிவமைப்பு, தொழில்நுட்ப வகுப்புகளுக்கு வேண்டிய சாதனங்களுக்கும் அதைச் செலவிடலாம். வேல்ஸ் முறையில் விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்கே பணம் சேரும். ஸ்காட்லாந்து முறையில் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதே பொருள் மேசையில் இருக்கும்; யார் வீட்டில் என்ன வருமானம் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இரண்டில் எனக்கு ஸ்காட்லாந்து முறையே சரியாகப் படுகிறது.

இங்கிலாந்தில் இப்போது ஒரு மாற்றம் நடக்கிறது, அதைப் பெற்றோர் கூர்ந்து பார்க்க வேண்டும். 2026 செப்டம்பர் முதல் யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு என்று அரசு 2025 ஜூனில் அறிவித்தது. 7,400 பவுண்ட் கோடு உணவைப் பொறுத்தவரை நீங்குகிறது. ஆனால் இப்படிப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பியூப்பில் பிரீமியம் கிடையாது என்றும் அரசு சொல்லியிருக்கிறது. 'இலவச உணவு பெறுவோருக்குச் சமையல் பொருள் பள்ளி தரும்' என்று கொள்கையில் எழுதிவைத்த பள்ளிகளில் தகுதி பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும், அதற்கென்று கூடுதல் பணம் வராது. சில பள்ளிகள் அந்த வரியை அப்படியே வைத்துச் செலவை ஏற்கும். சில பள்ளிகள் 'இலவச உணவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பியூப்பில் பிரீமியம்' என்று மாற்றி எழுதக் கூடும். உங்கள் பிள்ளையின் பள்ளி தன் கட்டண, விலக்குக் கொள்கையை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, அந்த ஒரு வரியைப் பழைய ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள். முடிந்தால் அதே வகுப்பில் படிக்கும் நான்கு பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள்.